வாக்கர் காணாத கடல்

2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் உள்ள என் வீட்டின் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினேன். அது எல் நினோ ஆண்டு என்று கோடை முதலே செய்திகள் சொல்லிக்கொண்டிருந்தன. தென்மேற்குப் பருவமழையும் நாடெங்கும் பொய்த்துக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற தகுதியில், எல் நினோ என்றால் வறட்சி என்று தெருவில் நாலு பேருக்கு விளக்கமும் சொன்னேன். அவர்களில் ஒருவர் என் பேச்சை நம்பித் தம் வீட்டிலும் துளை போடும் இயந்திரத்தை வரவழைத்தார். டிசம்பர் 2-ஆம் தேதி காலை, என் கிணற்றின் இரும்பு மூடிக்கு மேல் ஓர் ஆள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. நானும் மனைவியும் மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்தலாம், முடிச்சூருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் எங்களைத் தாண்டித் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் வந்து சேர்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளும் எங்கள் தலைக்கு மேலிருந்த வானமும் அனுப்பிய தண்ணீர்.

தண்ணீர் வடிந்து, சேறு கழுவி, நனைந்த புத்தகங்களை வெயிலில் காயவைத்த நாள்களில் பொருள் நஷ்டத்தைவிட என் விளக்கம்தான் என்னை அதிகம் உறுத்தியது. எங்கே பிழை செய்தேன்? எல் நினோ வந்தது உண்மை. தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்ததும் உண்மை. அப்படியானால் இந்த மழை எங்கிருந்து வந்தது? இதைத் தேடப் புகுந்தபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது: கில்பர்ட் வாக்கர். அந்தப் பெயர் எனக்குப் புதிதன்று. ஆனால் நான் அறிந்திருந்த வாக்கர் வேறு ஒரு கதையில் ஓர் ஓரமாக வந்து போகிறவர்.

அந்தக் கதை சென்னைத் துறைமுகத்தில் நடந்தது. 1913 பிப்ரவரியில், இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநர் அலுவல் நிமித்தம் சென்னை வந்திருந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினார். வந்தவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று அங்கேயே கற்பித்தவர். அவற்றைப் பார்த்த மறுநாளே, பிப்ரவரி 26 அன்று, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இந்தத் துறை தமக்கு உரியதன்று, ஆகவே இதன் மதிப்பை அளந்து சொல்லத் தம்மால் இயலாது என்பதை மறைக்காமல், இந்த இளைஞர் பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக்கழகம் உதவுவது தகும் என்று பரிந்துரைத்தார். மே மாதம் முதல் சீனிவாச இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. ஹார்டியின் பெயர் இந்தக் கதையில் பெரிதாக நிற்பது நியாயமே. ஆனால் ஹார்டியின் பதில் வந்த பிறகும் சென்னையில் ஒரு கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் வாக்கர். இந்தக் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவருடைய சொந்த வேலை என்ன, அதற்கும் என் வகுப்பறை சன்னலுக்கு வெளியே பெய்த மழைக்கும் என்ன தொடர்பு என்று ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை.

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ராச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். அந்த உழைப்பு உடலை முறித்தது. அடுத்த சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்துத்தான் தேறினார். அங்கே பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை. கேம்பிரிட்ஜில் அவருக்கு ‘பூமராங் வாக்கர்’ என்று பட்டப்பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் எறியும் அந்த வளைதடியை ஆற்றங்கரைப் புல்வெளியில் எறிந்து எறிந்து பார்த்து, அது ஏன் எறிந்தவனிடமே திரும்பி வருகிறது என்பதற்குக் கணிதம் எழுதினார். புல்லாங்குழலின் அமைப்பைத் திருத்துவதிலும் ஈடுபட்டார். பருந்தும் கழுகும் சிறகை அசைக்காமல் எப்படி வட்டமிட்டு உயர்கின்றன என்று பின்னாளில் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். இவரை வானிலைத் துறைக்கு அழைத்தபோது, வானிலையியலில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.

பயிற்சி இல்லாத ஒருவரை ஏன் அழைத்தார்கள்? அதற்குத் தாது வருடத்துக்குப் போக வேண்டும். 1876-இலும் 1877-இலும் மழை பொய்த்து, சென்னை மாகாணம் சுடுகாடானது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பசியோடு சென்னை வந்து சேர்ந்த மக்களைக் கொண்டு வெட்டப்பட்டதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. இன்று அந்த வழியே பறக்கும் ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது பஞ்சத்தின் கூலியில் தோன்றிய கால்வாய் என்று தெரியும்? 1877-இல் பசிபிக் பெருங்கடலில் நடந்தது அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று. அது அன்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. 1875-இல் தொடங்கப்பட்டிருந்த வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் சமவெளியில் மழை குறையும் என்ற கருத்தை வைத்து 1880-களில் முன்கணிப்பைத் தொடங்கினார். அடுத்து வந்த ஜான் எலியட் அதைப் பல காரணிகளாக விரித்தார். அறிக்கைகளும் நீண்டுகொண்டே போயின. 1899-இல் நல்ல மழை வரும் என்று அவர் சொன்னார். வந்தது பெரும் வறட்சி. செய்தித்தாள்கள் கண்டித்தன. முன்கணிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசின் கண்ணுக்கு மட்டும் உரிய இரகசிய ஆவணமாயிற்று. எலியட்டுக்கு ஒன்று புலப்பட்டிருக்க வேண்டும்: வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் துறையில் இருந்தார்கள், எண்களை நம்பலாமா கூடாதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. தமக்கு அடுத்து ஒரு கணிதவியலாளர் வர வேண்டும் என்று அவர் விரும்பினார். 1903-இல் இந்தியா வந்த வாக்கர், 1904-இல் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 35.

சிம்லாவில் இருந்த தலைமையகத்தில் வாக்கர் செய்த வேலையை இன்றைய சொல்லில் தரவுப் பகுப்பாய்வு எனலாம். அன்று அதற்குக் கணிப்பொறி கிடையாது. இந்திய எழுத்தர்களின் விரல்கள்தாம் இருந்தன. காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, நைல் நதியின் வெள்ள மட்டம் என்று உலகின் பல மூலைகளிலிருந்து வந்த நீண்ட எண் வரிசைகளை அவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் ஓர் அளவு ஏறும்போது வேறோரிடத்தில் மற்றொன்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவை ஒவ்வொரு இணைக்கும் கையால் கணக்கிட்டார்கள். அந்த எழுத்தர்களில் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் இல்லை. வாக்கரின் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றிலும் அவர்களுடைய பங்கு உண்டு.

வாக்கரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய சந்தேகம். நூறு காரணிகளை எடுத்து மழையோடு ஒப்பிட்டால், அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகப் பொருந்திப் போகும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவது, நூறு பேர் பூவா தலையா போட்டு அதில் ஏழு முறை தொடர்ந்து வென்றவனைச் சோதிடன் என்று கொண்டாடுவதற்குச் சமம். ஆகவே, தேடிப் பார்த்த காரணிகளின் எண்ணிக்கை கூடக் கூட, பொருத்தமும் அதற்கேற்ப அதிகமாக இருந்தால்தான் ஏற்கலாம் என்று வாக்கர் அளவுகோல் வகுத்தார். சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உறவு உண்டு என்று பெரியவர்கள் பலர் உறுதியாக நம்பிய காலத்தில், கணக்குப் போட்டு, அந்த உறவு மிகவும் பலவீனமானது என்று காட்டினார். காடுகளை அழித்ததால்தான் இந்தியாவில் மழை குறைந்துவிட்டது என்ற வாதத்தையும் அவருடைய எண்கள் ஆதரிக்கவில்லை. காட்டைக் காக்க வேறு நூறு காரணங்கள் உண்டு என்பதால் இதை நான் தயங்கித்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் தயங்கவில்லை.

அவருடைய பணிக்காலத்தின் கொடிய ஆண்டு 1918. அந்த ஆண்டுத் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இந்தியா கண்ட மிக மோசமான பருவங்களுள் அது ஒன்று. விளைச்சல் இல்லை, விலை ஏறியது, அதன் மேல் இன்புளூயன்சா கொள்ளைநோய். நாடு முழுவதும் இப்படியிருக்க, அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் பெய்த மழை 1,088 மில்லிமீட்டர். அந்தச் சாதனையை 2015 நவம்பர்கூட முறியடிக்கவில்லை. 1,049 மில்லிமீட்டரோடு நெருங்கி வந்து நின்றது. 1918-உம் எல் நினோ ஆண்டுதான். இந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோடையில் வறட்சி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெள்ளம் என்ற அந்த இணை புதிதன்று. 97 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அரங்கேறியிருக்கிறது. நான் மட்டும் பாதியைத்தான் படித்திருக்கிறேன்.

இருபது ஆண்டு உழைப்பின் விளைவை 1923, 1924-ஆம் ஆண்டுகளில் வாக்கர் வெளியிட்டார். பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றழுத்தம் உயரும்போது, ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை இந்தியப் பெருங்கடலின் மேல் அது தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. உலகின் பாதியை ஒரு சீசாப் பலகையின் மேல் வைத்தது போன்ற இந்த அசைவுக்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். இத்தகைய ஏற்ற இறக்கத்தை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். சுவீடனின் ஹில்டபிராண்ட்சன், பிரிட்டனின் லாக்கியர்கள் ஆகியோரின் பெயர்களை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. ஆனால் அதன் முழு உருவையும், அது இந்திய மழையோடு கொண்டுள்ள உறவையும் எண்களால் நிறுவியவர் வாக்கர்தான். வட அட்லாண்டிக், வட பசிபிக் ஆகியவற்றின் மேல் இதுபோன்ற இரு அலைவுகளையும் அவர் அடையாளம் கண்டார். இன்னொன்றையும் அவர் செய்தார். என் பார்வையில் அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே மழை எண் என்பது பொருந்தாது என்று உணர்ந்து, தீபகற்பத்துக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் தனித்தனிச் சமன்பாடுகளை வகுத்தார்.

1924-இல் சர் பட்டத்தோடு ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்தாண்டுகள் வானிலையியல் பேராசிரியராக இருந்தார். பிறகு நடந்தது சோகம். தென் அலைவே பல பத்தாண்டுகளுக்கு வலுக்குறைந்திருந்தது. அவருடைய சமன்பாடுகளில் சில பொருத்தம் இழந்தன. இந்த அசைவை எது நிகழ்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. காரணம் தெரியாத பொருத்தத்தை நம்பலாமா என்று கேட்டவர்களுக்கு, உண்மைகளைத் திரட்டுவோம், விளக்கம் பின்னால் வரும் என்பதே அவருடைய நிலைப்பாடு. 1958 நவம்பர் 4 அன்று, தொண்ணூறாம் வயதில், அவர் இறந்தார். அவர் எதிர்பார்த்த திசையில் அந்த ஆய்வு பலன் தரவில்லை என்ற தொனியே அன்று எழுதப்பட்ட அஞ்சலியிலும் ஒலித்தது.

அவர் தேடிய விடை அந்த நேரத்தில் கடலில் இருந்தது. 1957 ஜூலையிலிருந்து 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் கூடி நடத்திய பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில், பசிபிக் பெருங்கடல் முன்பில்லாத அளவுக்குக் கூர்ந்து நோக்கப்பட்டது. அதே காலத்தில்தான் பெரிய எல் நினோ ஒன்றும் வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டித் தங்கள் கரையில் தோன்றும் வெந்நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று பெயரிட்டிருந்தார்கள். அது அவர்களுடைய கரையோரச் சங்கதி என்றே உலகம் எண்ணியிருந்தது. 1957-58-இன் அளவீடுகள், அந்த வெப்பம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கடலின் நடுவரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததைக் காட்டின. நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜேக்கப் பியர்க்னஸ் 1960-களில் அந்த எண்களை வாக்கரின் தென் அலைவோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நிகழ்வின் கடல் முகமும் காற்று முகமும் என்று தெரிந்தது.

அது இயங்கும் விதத்தைச் சொல்கிறேன். பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அது கடலின் மேற்பரப்பில் சூடேறிய நீரை இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளுகிறது. பெருவின் கரையில் அதற்கு ஈடாக ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சூடான மேற்கில் காற்று மேலெழுந்து மேகமாகி மழை பெய்கிறது. மேலே கிழக்காகப் பாய்ந்து, குளிர்ந்த கிழக்கில் இறங்குகிறது. கடலின் வெப்ப வேறுபாடு காற்றை ஓட்டுகிறது. காற்று அந்த வெப்ப வேறுபாட்டைக் காக்கிறது. ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் தளரும். காற்று சோர்ந்தால் வெந்நீர் கிழக்கே பரவுகிறது. மழை மேகங்களும் அதைத் தொடர்ந்து நடுக்கடலுக்கு நகர்கின்றன. இந்தோனேசியா, இந்தியா பக்கம் காற்று கீழிறங்கி மழையை ஒடுக்குகிறது. பசிபிக்கின் நடுப்பகுதியில் சராசரியைவிட அரை பாகை செல்சியஸ் வெப்பம் கூடி, மாதக்கணக்கில் அப்படியே நீடித்தாலே அதை எல் நினோ என்கிறார்கள். 2015-இன் இறுதியில் அந்த மிகுதி இரண்டரை பாகையைத் தாண்டியது. 1969-இல் பியர்க்னஸ் இந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் சூட்டினார். அதற்கு உரியவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி நம் கரைக்கு வருவோம். அதே எல் நினோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு வேலை செய்கிறது. இந்தோனேசியாவின் மேல் காற்று இறங்கும்போது, இந்தியப் பெருங்கடலின் மேல் கிழக்குக் காற்று வலுக்கிறது. பெருங்கடலின் மேற்குப் பாதியும் பெரும்பாலும் சூடாக இருக்கிறது. வங்கக் கடலின் ஈரம் தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் அதிகமாக வந்து சேர்கிறது. ஆகவே, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதிக்கு எதிரியாக இருக்கும் அந்தக் கடல் வெப்பம், கார்த்திகையில் தாம்பரத்துக்கு நீர் வார்க்கிறது. 2023-இலும் இதையே கண்டோம். ஆகஸ்டு மாதம் 1901-க்குப் பின் வந்த ஆகஸ்டுகளிலேயே மிகவும் வறண்டதாக இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் முடிச்சூரையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது. இரு வாரங்கள் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2016-இல் பசிபிக் எதிர்ப்பக்கம் சாய்ந்து லேசாகக் குளிர்ந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. என் ஆழ்துளைக் கிணறு, பாவம், அப்போதுதான் பயன்பட்டது.

இதை இங்கேயே நிறுத்தினால், 2015-இல் செய்த தவற்றையே திருப்பிப் போட்டுச் செய்தவனாவேன். 2021-இல் பசிபிக் குளிர்ந்திருந்தது; இந்தக் கணக்கின்படி நமக்கு மழை குறைந்திருக்க வேண்டும். அந்த நவம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மீண்டும் படகு ஓடியது. 1997-இல் மாபெரும் எல் நினோ வந்தும் தென்மேற்குப் பருவமழை வழக்கம்போலவே பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் தமக்குள் சூட்டை மாற்றிக்கொள்ளும் இன்னோர் ஊசலாட்டம் அந்த ஆண்டு குறுக்கே வந்ததை ஆய்வாளர்கள் 1999-இல் எடுத்துக் காட்டினார்கள். கடல் வெப்பம் மழையின் வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். எந்தத் தெருவில் எந்த நாள் பெய்யும் என்பதை வங்கக் கடலில் ஒரு வாரத்துக்கு முன் தோன்றும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு முடிவு செய்துவிடலாம். வாக்கர் இருந்திருந்தால் 2021-ஐக் கண்டு வியந்திருக்க மாட்டார். தம் கெழுக்கள் ஒன்றைத் தொடாது நின்றுவிடுகின்றன என்பது அவருக்குத் தெரிந்ததே.

எனக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையின் விழுக்காடு அறிவிக்கப்படுகிறது. மறுநாள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்த ஓர் எண்தான். பங்குச் சந்தைக்கு அது போதுமானதாக இருக்கலாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்குப் பிறகுதான் வருகிறது. அதற்கான முன்கணிப்பையும் வானிலைத் துறை பருவத்துக்கு முன்பே தனியாகத் தருகிறது. ஆனால் அது வரும்போது நம் காது ஏப்ரல் செய்தியால் அடைத்துப்போயிருக்கிறது. நூறாண்டுக்கு முன் வாக்கர் பிரித்த இந்தியாவை நாம் மறுபடியும் ஒட்டிவைத்துப் படிக்கிறோம். கோடையில் எல் நினோ என்று கேட்டால் பஞ்சாபிலும் மராத்வாடாவிலும் கவலைப்பட வேண்டும். தாம்பரத்தில் கால்வாயைத் தூர்வார வேண்டும். ஆழ்துளைக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், எங்கள் தெருக்கோடி மழைநீர்க் கால்வாயில் புதர் ஆளுயரம் வளர்ந்திருந்தது. நான் அதைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போனேன்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்டு மிதக்கும் மிதவைகளை அவர்கள்தாம் பராமரிக்கிறார்கள். வாக்கரின் காலத்தில் கடலின் வெப்பநிலை என்பது, கப்பல் போகும் வழியில் யாரோ ஒரு மாலுமி வாளியில் மொண்டு எடுத்த நீரின் சூடு. இன்று அந்த மிதவைகள் மேற்பரப்பையும் அதற்குக் கீழேயும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. சதுப்பு நிலத்தின் ஓரமாக அந்த வளாகத்தைப் பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். இப்போது கடக்கும்போது தலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

சென்ற புரட்டாசியில், என் பேச்சை நம்பி 2015-இல் துளை போட்ட அதே அண்டை வீட்டுக்காரர் வந்து, இந்த ஆண்டு தண்ணீர் வருமா வராதா என்று கேட்டார். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. பசிபிக்கின் நிலையையும் இந்தியப் பெருங்கடலின் நிலையையும் சொல்லி, வாய்ப்பு இன்ன பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது, ஆனால் உறுதியில்லை என்றேன். உறுதியில்லை என்பதைக் கேட்க ஒருவர் படியேறி வருவாரா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒரு பிளம்பரை அழைத்துவந்து, தரையில் இருந்த மோட்டாரைக் கழற்றி மாடிப்படியின் பாதியில் ஒரு மேடை கட்டி ஏற்றிவைத்தார். அந்த வாரமே என் வீட்டுக்கும் அந்தப் பிளம்பரை வரச் சொன்னேன்.